சுருக்குப்பையில் மூன்றாவது சாவி

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு படிப்பு நின்றவள் நான். இரண்டு வருஷம் முன்பு, தேனாம்பேட்டையில் நான் கூட்டிப் பெருக்கும் ஆபீசில் நடந்தது இது. வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் ஆபீஸ்.

அங்கே தடியாக ஒரு ஃபைல் உண்டு. தீயோ வெள்ளமோ, எது வந்தாலும் அடையாறில் பூட்டி வைத்திருக்கும் இன்னொரு ஆபீசுக்குப் போய் வேலையைத் தொடர வேண்டும் என்று ஏற்பாடு. வருஷா வருஷம் ஒத்திகை பார்த்து கேக் வெட்டுவார்கள்.

ஒருநாள் காலை, கீழே கரண்ட் அறையில் புகை. எல்லோரையும் வெளியேற்றிக் கட்டிடத்தை மூடிவிட்டார்கள். ஃபைலில் உள்ளபடி வேனில் அடையாறு போனோம். ஷட்டரில் பூட்டு.

சாவி எங்கே என்று மேனேஜர் செல்போனில் ஃபைலைத் திறந்து படித்தார்: “மேனேஜர் மேஜை, இரண்டாவது டிராயர்.” மூடிய கட்டிடத்துக்குள் இருக்கும் அவர் மேஜைதான். ஒத்திகைக்கு முந்தின நாளே எடுத்து வைத்துக்கொள்வார். புகை சொல்லிவிட்டா வரும்?

“இன்னொரு சாவி?”

“அதுவும் அதே டிராயர்தான் சார்” என்றாள் போன் எடுக்கும் பெண்.

அதற்குள் மந்தைவெளியிலிருந்து ஒரு அம்மா போனில் அழுதார். வீட்டுக்காரரின் சிலிண்டர் பதினோரு மணிக்குத் தீர்ந்துவிடுமாம். மாற்றுச் சிலிண்டர்கள் ஷட்டருக்கு உள்ளே.

என் சுருக்குப்பையில் அந்த ஷட்டருக்கு ஒரு சாவி இருந்தது. அடையாறில் இருந்த பழைய வாட்ச்மேன் வேலையை விட்டுப் போகும்போது கொடுத்தது. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போய்ப் பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பத்து நிமிஷம் வாயே திறக்கவில்லை. அந்த அம்மா மறுபடியும் போன் செய்ததும் தாங்கவில்லை.

“சார்... சாவி எங்கிட்ட கீது.”

“வாயில இன்னா ஆயா, கொழுக்கட்டையா?” என்று டிரைவர் கத்தினார். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த அம்மா போனில் அழுதுகொண்டே சிரித்தார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

“ஃபைல்ல உங்க பேரையும் போட்டுடலாம்மா. உங்க பேர் என்ன?” என்றார் மேனேஜர். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

“எனக்கே ஜுரம் வந்து படுத்துகினா இன்னா சார் பண்ணுவீங்க?”

ஒரே சிரிப்பு. அவர் தலையைச் சொறிந்தார். இப்போது நாலாவது சாவி அடையாறு ஆபீசுக்கு எதிரே இஸ்திரிக் கடையில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பூ வைக்கும்போதெல்லாம், பயந்து நின்ற அந்தப் பத்து நிமிஷம் நெஞ்சில் குத்தும். தெரிந்ததை இப்போது பட்டென்று சொல்லிவிடுகிறேன். டிரைவர் போய்ச் சேர்ந்தது பத்தரைக்கா, பத்தே முக்காலுக்கா? போன் எடுக்கும் பெண்ணிடம் கேட்டு யாராவது திருத்திப் போடுங்கள். அந்த ஐயா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், அது மட்டும் எனக்கு நிச்சயம்.