திரும்பி வராத நம்பர்

ஓட்டப்பந்தயத்தின் மேல் எனக்கு எந்த ஆசையும் இருந்ததில்லை. மட்டாஞ்சேரியில் வீட்டிலிருந்தபடியே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள் நான். பக்கத்து வீட்டு டீச்சர் ஒருநாள் வந்து, "ஊர் ஓட்டப்பந்தயத்துக்கு வாலண்டியர் போதல, ஒரு ஞாயித்துக்கிழமை காலைதானே" என்று கேட்டார். மறுக்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டேன்.

ஆரஞ்சு மேல்சட்டை ஒன்றை மாட்டிவிட்டு, கொச்சங்காடி கிடங்குகளுக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் நிறுத்தினார்கள். ஓடி வருகிறவர்கள் அங்கே வளைந்து, வேறு தெரு வழியாக, ஓட்டம் தொடங்கிய மைதானத்துக்கே திரும்ப வேண்டும். அவர்கள் சட்டையில் குத்தியிருக்கும் நம்பரைத் தாளில் பார்த்துக் குறிப்பது என் வேலை. கூட நின்றவர் கும்பளங்கிக்காரர், ஆட்டோ ஓட்டுகிற சேட்டன். அவருக்கு அது ஐந்தாவது வருடம்.

எல்லோரும் போன பிறகு கடைசியாக ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். உதடெல்லாம் காய்ந்து, இடுப்பில் கைவைத்து நடந்து வந்தார். மலையாளத்தில் கேட்டேன், தமிழில் பதில் சொன்னார்.

"முடியலன்னா உக்காருங்க ஐயா. வண்டி வரச் சொல்றேன்."

"ஒண்ணுமில்லம்மா. மெதுவா போயிருவேன்."

அரை டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நடந்தார். நானும் விட்டுவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மைதானத்திலிருந்து போன் வந்தது. ஒரு நம்பர் மட்டும் வந்து சேரவில்லையாம். தாளைப் பார்த்தேன். அவருடையதுதான். அதற்குள், பந்தயத்துக்காக மூடியிருந்த தெருவை வண்டிகளுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். சரக்கு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

"சேட்டா, நான் அவர விட்டிருக்கக் கூடாது" என்றேன். அவர் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு வந்து, "கேறிக்கோ இத்தா" என்று அக்காவை அழைப்பதுபோல் ஏறச் சொன்னார்.

இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனோம். கடைப்படிகள், மூடிய கிடங்கு வாசல்கள், ஓடையோரம். ஓரிடத்தில் கூட்டம் தெரிந்தது. இறங்கி ஓடிப் பார்த்தால் இஞ்சி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மருந்துக் கடையில் கேட்டோம், அங்கேயும் வரவில்லை. அவர் வீட்டாரிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் தேட ஆரம்பித்துவிட்டேன்.

சேட்டன் சட்டென்று வண்டியை நிறுத்தினார். ஒரு சாயாக்கடையில், வெளியிலிருந்து யாரும் பார்த்துவிடாதபடி உள்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் அவர். ஷூவைக் கழற்றி வைத்திருந்தார். நம்பர் தாள் மடித்துப் பக்கத்தில் கிடந்தது.

"எல்லாரும் உங்களத் தேடுறாங்க ஐயா." என்றேன்.

"கால் புடிச்சுக்கிச்சும்மா. ஓட வேணாம் வேணாம்னு தடுத்த மகன் மைதானத்துல நிக்கிறான். பாதியில விட்டுட்டேன்னு அவன் முன்னாடி எப்படிப் போய் நிக்கிறது?"

எறணாகுளம் மார்க்கெட்டில் காய்கறி விற்கிறவராம். கோபம் வந்தது, திட்ட முடியவில்லை. மைதானத்துக்குப் போன் போட்டேன். மகனே வாங்கிப் பேசினார்.

"அப்பா உக்காந்திருக்காரா?"

"சாயா குடிக்கிறாரு."

"அங்கயே இருக்கச் சொல்லுங்க, வர்றேன்" என்றார். குரல் உடைந்திருந்தது.

அன்று முழுவதும் தையல் நேராக வரவில்லை. இனிமேல் அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

மறுவருடம் சேட்டன் போனில் கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னேன். போனை வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தால், அந்த வளைவில் வேறு யாரோ நிற்பது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. ஓடி வருகிறவர்களின் முகத்தை அந்த ஆள் பார்ப்பாரா, நம்பரை மட்டும் குறித்துவிட்டு அனுப்பிவிடுவாரா? அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. நானே திரும்பக் கூப்பிட்டு வருகிறேன் என்றேன்.

இப்போது நான்கு வருடம் ஆகிவிட்டது. பயம் கொஞ்சமும் குறையவில்லை. "நீங்க எதுக்கு சேட்டா வருசா வருசம் வர்றீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆத்யம், முதல் வருசம், பிரியாணிப் பொட்டலத்துக்குத்தான் வந்தேன். இப்ப கடைசி ஆளு சேர்ந்தாச்சுன்னு கேக்காம வீட்டுக்குப் போனா சோறு இறங்காது" என்றார்.

இந்த வருடம் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டதாக ஒன்பது மணிக்கு முன்பே போன் வந்தது. இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். எண்ணிவிட்டுச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் மேல்சட்டையைக் கழற்றினேன்.