எதிர்க்கரையில் கட்டிய கயிறு

கரும்பு லாரிகளுக்குப் பாரம் கட்டும் ராஜாங்கம் எந்தக் கயிற்றைக் கண்டாலும் முறுக்கைப் பிரித்து உள்நூலில் நகத்தைக் குத்திப் பார்ப்பான். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த அந்த வாரம், மணலூர்பேட்டை ஆற்றங்கரையிலும் அப்படித்தான் பார்த்தான். பிரசவ வலியில் அவன் மனைவி தைலம்மாள் மணலில் கிடந்தாள். நர்ஸம்மா வீடு எதிர்க்கரையில். ஆற்றிலோ வெள்ளம். இரு கரை மரங்களிலும் கயிறு கட்டி, அதைப் பிடித்துத்தான் பரிசலை இழுத்துப் போக வேண்டும்.

“தடியா நார்க்கயிறு கெடக்குது, நீ இன்னாய்யா சுண்டுவிரல் நைலானைப் புடிச்சிக்கினு நிக்கற? பொண்டாட்டி வேணாமா?” என்றார் பரிசல்காரர் பாவாடை.

“நார்க்கயிறு தண்ணி குடிச்சா கனம் ஜாஸ்திங்க. தொய்ஞ்சி வெள்ளத்துல மாட்டுனா நம்பளையும் இழுத்துக்கினு பூடும்.”

பாவாடை முதலில் தனியாகத் துடுப்பு வலித்துப் போய் எதிர்க்கரைச் சாலையோரப் புளியமரத்தில் நைலானைக் கட்டிவிட்டு, அதைப் பிடித்தே திரும்பினார். தைலம்மாளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். நடு ஆற்றில் கயிறு விண்ணென்று இரைந்தது. ஒவ்வொரு பிடியிலும் அது அறுந்தே விட்டதென்று நினைத்தபடியே ராஜாங்கம் அடுத்த பிடிக்குக் கையை நீட்டினான்.

கயிறு அறுபடவில்லை. அன்று மாலை கலையரசி பிறந்தாள்.

வெள்ளம் வடிந்தபின் கயிற்றை அவிழ்க்கப் போனபோதுதான் ராஜாங்கம் பார்த்தான். சாலையில் சாய்ப்பதற்காக அந்தப் புளியமரத்தை யாரோ முன்னமே மறுபக்கம் பாதிக்குமேல் அறுத்து வைத்திருந்தார்கள்.