ராஜவேலு அண்ணன் விட்டுவைத்த இடம்

ராஜவேலு அண்ணன் போய்விட்டார் என்று அண்ணி போன் செய்தபோது நான் திண்டிவனம் சந்தையில் வறுத்துத் தின்ன மல்லாட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தோம். அப்படியே விழுப்புரம் பஸ் ஏறினேன்.

நம் கச்சேரிக் குழுவில் அவர் கீபோர்டு, நான் பின்பாட்டு. டிஸ்கோ பாட்டு இல்லாமல் கல்யாணமே நடக்காத காலம். அவர் மெட்டுப்போட்ட டிஸ்கோ பாட்டுகளைக் கேசட்டில் பதிந்தோமே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிறகு எனக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தப்பியது, குரல் கரகரத்துப்போனது. அதன்பிறகு கடையில்கூடக் கையைக் காட்டித்தான் சாமான் வாங்குவேன்.

போன வருஷம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, டெக்னோ ரெக்கார்டு செய்வதாகச் சொன்னார். ஆடுவதற்கான பாட்டு, ரைஸ் மில் மோட்டார் மாதிரி தாள அடி நிற்காமல் ஓடும் என்றார்.

"ஆடறவன் எப்போங்க மூச்சு வுடறது?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"அதுக்குத்தான் மாப்ள, நடுவுல தங்கச்சி குரலு."

நான் பாடுவதற்கு முன்னால் மூச்சிழுக்கிற சத்தம்கூட அதில் இருந்தது. கல்யாணங்களில் பாட்டுப் போடும் நம் மணி, அதை எடுத்துவிடலாம் என்றார். அண்ணன் விடவில்லை. "மூச்ச எடுத்துட்டா, பாடறது யாருன்னு எப்படிடா தெரியும்?"

பாட்டின் கடைசியில் ஒரு வரி, என் இப்போதைய குரலில் வேண்டும் என்று அண்ணன் கேட்டார். முடியாது என்றேன். கெஞ்சவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை.

"எடம் வுட்டு வச்சிக்கினு இருக்கேன்மா. எப்போ தோணுதோ அப்போ வா."

திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தில் அந்த ரெக்கார்டைப் போட்டார்கள். எல்லோரும் ஆடினார்கள். அந்த இடம் வந்ததும் அடி மட்டும் ஓடியது. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் கூசிப்போவேன் என்று அவருக்குத் தெரியும்.

அவரை எடுத்துப்போன அன்று அதையே வண்டியில் போட்டு, அவர் முன்னால் ஆடிக்கொண்டு போனீர்கள். அந்த இடம் வந்தபோது வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

இந்தப் படத்திறப்புக்கு எழுதிக் கொடுத்தால் போதும், வேறு யாராவது படிக்கட்டும் என்று மணி சொன்னார். வேண்டாம் என்றேன். கரகரத்த இந்தக் குரலும் வேண்டும் என்று ஒரு மனுஷர் கேட்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். அதனால் நானே படிக்கிறேன். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால், கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.