மைனாவை முக்கிக் கொன்ற வல்லூறு

ஈரம் காயாத பைனாகுலர் வாருக்கு ஒரு வாடை உண்டு. பூஞ்சணமும் வியர்வையும் கலந்தது. அந்த வாடைதான் எனக்கு அந்தமானின் மாயாபந்தர்...

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அரசு ஆபீஸில் கிளார்க். கதை விடுவதில் மட்டும் எனக்கு புரமோஷன் பாக்கியே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போகும் ஏழு பேர் கூட்டத்தில் நானும் ஒருத்தன்.

தலைவர் அந்தோணி அண்ணன், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், படகு எஞ்சின் மெக்கானிக். அவரிடம் ஒரு நீல நோட்டு. பார்த்த பறவை அதில் ஏற வேண்டுமென்றால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஒருத்தன் பார்த்தது வெறும் பேச்சு.

ஒரு லீவு நாளில் குவார்ட்டர்ஸ் பின்னால் இருந்த குட்டையோரம் போனேன். ஒரு வல்லூறு மைனாவைப் பிடித்தது. மரத்துக்குத் தூக்கிப் போகவில்லை. கணுக்கால் ஆழத் தண்ணீரில் போட்டு, மேலே ஏறி நின்றுகொண்டது. மைனா அடங்கும்வரை இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆபீசர் மாதிரி அக்கம்பக்கம் பார்த்தது.

ஓடிப்போய் அந்தோணி அண்ணனிடமும் கூட்டத்திடமும் சொன்னேன்.

"ஏலே, கப்பல் ஜெட்டியில முதலை டிக்கெட்டுக்கு க்யூவுல நின்னுச்சுன்னு சொன்னவன்தான நீ? இப்ப வல்லூறு மைனாவை முக்குதாக்கும். சோப்பு போட்டுச்சா?"

"சத்தியமாண்ணே!"

"பக்கா ஜூட்டு, பச்சைப் பொய். சாட்சி கொண்டா, எழுதுதேன்."

ஆறு பேரும் சிரித்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை பேசியிருக்கிறேன், அதற்கா இந்த மரியாதை? அந்த நோட்டில் அதை ஏற்றாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பதினெட்டு நாள். விடியற்காலை ஐந்தரைக்குக் குட்டையில் ஆஜர். ஒன்பதுக்கு ஆபீஸ். கொசுவுக்கு நான் டிபன்... வல்லூறு மட்டும் வரவில்லை.

அங்கே தினமும் துணி துவைப்பவர் சரோஜா அக்கா. பக்கத்து குவார்ட்டர்ஸ் டிரைவரின் மனைவி. "அக்கா, கொஞ்சம் மெதுவா அடிங்க, பறவை பயந்துடும்" என்று தினமும் அவரை நச்சரிப்பேன். பத்தொன்பதாம் நாள் சேலையைக் கல்லில் ஓங்கி அடித்துவிட்டுக் கேட்டார்.

"எதைத்தான் தம்பி தேடுற?"

சொன்னேன்.

"அந்தக் கொலைகாரப் பயலா? வெயில் ஏறினாத்தான மைனா குளிக்க வரும்! அவனுக்கு பத்து மணிக்கு மேலதான் டூட்டி. நீ இருட்டுல வந்து யாரைப் பாக்குற? நான் நாலு தடவை பாத்துட்டேன்."

பறவை பார்ப்பதென்றால் விடிகாலை என்று எங்களுக்கு யார் சொன்னதோ... முதல் நாள் நான் பார்த்ததே லீவு நாளின் பத்து மணியில்தான். அது என் புத்தியில் ஏறவே இல்லை.

வயிற்றுவலி என்று லீவு எழுதினேன். அந்தோணி அண்ணனை எஞ்சின் கிரீஸோடு இழுத்து வந்தேன். பத்தேகால். மைனாக்கள் இறங்கின. வல்லூறும் இறங்கியது. முக்கியது. நின்றது.

அண்ணன் நீல நோட்டை விரித்தார். பேனாவை எடுத்தார்.

"ரெண்டாவது கையெழுத்து அக்காவுடையதுண்ணே" என்றேன்.

"அவங்க மெம்பர் இல்லையேல?"

அக்கா கையைச் சேலையில் துடைத்தபடி வந்தார். "அந்தப் பறவை மட்டும் மெம்பரா? கொண்டாங்க நோட்டை."

அண்ணன் பெயர் மூன்றாவதாகத்தான் ஏறியது. பக்கத்தில் இன்னும் அக்காவின் ஈர விரல் தடம் இருக்கிறது. அண்ணன் தீவை விட்டு மெயின்லேண்ட் போகும்போது நோட்டை எனக்கே கொடுத்துவிட்டார்.

போன வாரம், இப்போது நான் இருக்கும் போர்ட் பிளேரில், மின்னி பே பக்கம் இன்னொரு வல்லூறு அதே வேலையைச் செய்தது. இப்போதுதான் கையில் போன் இருக்கிறதே... வீடியோ எடுத்து இங்கே, என் சோஷியல் மீடியா பக்கத்திலேயே போட்டேன். "சூப்பர் எடிட் சார்", "ஏஐ தானே?" என்று பாதிப்பேர். அன்றைக்கு ஆறு பேர் சிரித்தார்கள், இன்றைக்கு அறுபது பேர். கூட யார் இருந்தார்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

விடுவேனா? நாளையிலிருந்து மூன்று நாள் லீவு. காலை பத்து மணி, மின்னி பே. சரோஜா அக்கா இப்போது மகளோடு போர்ட் பிளேரில்தான் இருக்கிறார். போன் போட்டேன்.

"வரேன் தம்பி. நீ நோட்டை எடுத்துக்க, நான் ரெண்டு சேலை எடுத்துக்கறேன். துவைக்கிறவளைக் கண்டா அவன் பயப்பட மாட்டான்."