ராகி எழுதாத பரீட்சை

பொங்கலுக்குக் காரிமங்கலத்து வூட்டுக்கு வந்திருந்தேன். பேருக்குத்தான் லீவு. மறுநாள் காலைக்குள்ள ஒரே ஒரு கைடைத் தேர்ந்தெடுத்துச் சொல்லணும்னு பேராசிரியர் போன்ல சொல்லிட்டாரு.

ராகியில குலைநோய்க்கு இடங்கொடுக்குற ஒரு மரபணுவை வெட்டுறதுதான் என் ஆராய்ச்சி. வெட்டுற கத்தரியைச் சரியான இடத்துக்குக் கூட்டிட்டுப் போற சின்ன இழைக்குப் பேரு கைடு. எது நல்லா வெட்டும்னு கம்ப்யூட்டர் மாடல் ஸ்கோர் போட்டுக் கொடுக்கும். எங்கிட்ட மிச்சம் இருந்தது ஒரு தட்டு ராகித் திசு. அது வீணாப் போனா பிஎச்டி அவ்வளவுதான். உதவித்தொகை முடியப்போகுது, திரும்ப வளர்க்க நாளில்ல.

அதிக ஸ்கோரை எடுத்துட்டுப் போறதுக்கு என்னன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. கடைசியில ரெண்டு கைடு தேறுச்சு. ஒரு மாடல் முதல் கைடுக்கு நூத்துக்கு 84 போட்டுச்சு, இன்னொரு மாடல் அதே கைடுக்கு 37. ரெண்டாவது கைடுக்கு அப்படியே தலைகீழ். எதைப் புடிக்கிறது, எதை விடுறதுன்னு தலை சுத்திருச்சு.

அப்பா பக்கத்துல வந்து உக்காந்தாரு. அவரு விவசாயி. ஆனா பிளஸ் டூ ரிசல்ட் வந்தா எங்க தெருப் பிள்ளைங்க அத்தனை பேருக்கும் கட்-ஆஃப் கணக்குப் போட்டு, எந்தக் காலேஜ் கெடைக்கும்னு சொல்லிருவாரு.

"மார்க்கைச் சொல்லு பாப்பா"ன்னாரு. சொன்னேன். கட்-ஆஃப் கணக்கு மாதிரியே மொத மாடல் மார்க்கை முழுசா, இன்னொரு மாடல் மார்க்கைப் பாதியாக் கூட்டி, "மொதக் கைடுதான். கவுன்சிலிங்ல முன்னாடி நிக்குது"ன்னு முடிச்சுட்டாரு.

எனக்குச் சுர்ருன்னு கோபம் வந்துச்சு. "இது மார்க் இல்லீங்கப்பா. எதை முழுசா எடுக்கணும்னு யாருங்க சொன்னது? மாத்திப் போட்டா ரெண்டாவதுதான் முன்னாடி வரும்."

"அப்ப எம்பத்திநாலுன்னா என்ன? நூறு தடவைக்கு எம்பத்திநாலு தடவை வெட்டுமா?"

"இல்லீங்கப்பா. மத்த கைடுங்களை விட முன்னாடி இருக்கும்னு அர்த்தம்."

"எந்த மத்த கைடு?"

"மனுச செல்லுல வெட்டிப் பாத்ததுங்க. அதைப் படிச்சுத்தான் மாடல் கத்துக்கிச்சு."

"நம்ம ராகியில?"

"ராகி அந்தப் பரீட்சையே எழுதலீங்கப்பா."

இது எனக்குத் தெரியாத சங்கதி இல்ல, நானே கட்டுரையில எழுதியிருக்கேன். ஆனா வாய்விட்டுச் சொன்னதும் பகீர்னுச்சு. ரெண்டு மாடலும் மனுச செல்லுல படிச்சதுதானே, அப்பறம் ஏன் இப்படி அடிச்சுக்குதுங்க? காலையில பேராசிரியர் கூப்பிட்டப்ப மொதக் கைடுன்னு சொல்லிட்டேன். எதையாவது சொல்லித்தானே ஆகணும்.

ஆடி மாசம் ரிசல்ட் வந்துச்சு. தட்டுல வந்த அத்தனை நாத்துல, ஒரே ஒரு நாத்துலதான் வெட்டு விழுந்திருந்துச்சு. ஒண்ணு போதும், பிஎச்டி பொழச்சுக்கிச்சு. பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அப்பா போன்ல, "நம்ம கணக்கு சரியாப் போச்சு பாத்தியா"ன்னு சிரிச்சாரு. சரியாப் போச்சா? ஒரு நாத்துக்கு 84 சரியா, 37 சரியா? எனக்குப் புரியவே இல்ல.

போன வாரம் லேப்புல ஜூனியர் பொண்ணு ஒருத்தி வந்து நின்னா. அவகிட்டயும் கடைசித் தட்டுதான் மிச்சம், அவளுக்கும் ரெண்டு மாடலும் ரெண்டு விதமாச் சொல்லுது. "அக்கா, நீங்க எப்படிக்கா கரெக்டா எடுத்தீங்க?"ன்னு கேட்டா.

"சத்தியமாத் தெரியல"ன்னேன்.

அவ மூஞ்சி சுண்டிப்போச்சு. "சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்கக்கா"ன்னுட்டுப் போயிட்டா.