வலக்கை வான்கோழி

நான் செய்த முதல் காகித வான்கோழிக்கு ஐந்து விரலும் இருந்தன, ஒட்டுப்பொட்டும் இருந்தது. ஐந்தாவது விரலுக்காக நான் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. அதைச் செய்த நாளில் அம்மாமேல் எனக்குக் கடும் கோபம். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து ஒரு வருடமும் ஆகவில்லை. எப்சம் பகுதியில் ஒரு மரவீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா விடியமுன்னரே ஈஸ்ட் டாமாக்கிக்கு வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் நான் வாய் ஓயாத பிள்ளை. சப்பாத்தை எங்கே கழற்றி வைப்பது என்று அப்பாவுக்கே புத்தி சொல்லுவேன். பாலர் பள்ளி வாசலைத் தாண்டினால் மட்டும் வாய்க்குப் பூட்டு. ஏனென்று கேட்டால் எனக்கும் தெரியாது. மணல் குழி ஓரத்தில் ஒரு வாளியோடு தனியே குந்தியிருந்துவிட்டு வருவேன். ஒரு தவணை முழுக்க அப்படியே போயிற்று.

தை பிறந்தால் எனக்கு ஐந்து வயது. இந்த ஊரில் ஐந்து முடிந்தால் பள்ளிக்கூடம். அதற்குள் இவளுக்கு ஒரு சிநேகிதமாவது கிடைத்தால் நல்லது என்று டீச்சர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா அதை அப்பாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

“ஒருத்தரோடயும் கதைக்காமல் இவ பள்ளிக்கூடம் போனால் என்னப்பா செய்யிறது?”

அம்மா பயந்துபோயிருந்தார். எனக்கு அது விளங்கியது. ஆனால் அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்பது விளங்கவில்லை.

அந்தப் பாலர் பள்ளியில் கைவேலை செய்விப்பது பெற்றோரின் பொறுப்பு, முறை வைத்து வரும். அம்மாவின் முறை கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முந்தைய கடைசி வாரத்தில் விழுந்தது. நூலகத்திலிருந்து ஒரு அமெரிக்கப் புத்தகம் எடுத்து வந்தார். உள்ளங்கையைக் காகிதத்தில் விரித்து வைத்துச் சுற்றி வரைய வேண்டும். பெருவிரல் வான்கோழியின் தலை, மற்ற நான்கும் வால். அவ்வளவுதான் வேலை.

“இஞ்ச ஆர் வான்கோழி சாப்பிடுகினம்? என்ரை வேலையிடத்தில எல்லாரும் கிறிஸ்மஸுக்குப் பண்டி ஹாம் எண்டுதான் கதைக்கினம்” என்றார் அப்பா.

“பேப்பரில செய்யிறதை ஆர் சாப்பிடப்போகினம்? நீங்கள் சும்மா இருங்கோ.”

அம்மா இடக்கையை மேசையில் விரித்து, வலக்கையால் ஒரே இழுப்பில் வரைந்து முடித்தார். கண்ணுக்குக் கறுத்த ஒட்டுப்பொட்டு, கழுத்தில் தொங்கும் சதைக்குச் சிவந்த பொட்டு. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

அடுத்த நாள் அந்த வான்கோழி பையைவிட்டு வெளியே வரவேயில்லை. அம்மா மேசை முனையில் நின்று, வீட்டில் சொல்லிப் பார்த்த ஆங்கிலத்தில் நிதானமாக அறிவித்தார். இது பெற்றோருக்குக் கொடுக்கப்போகும் அன்பளிப்பு. எங்கள் வழக்கத்தில் இடக்கையால் எதையும் கொடுப்பதில்லை. ஆகவே எல்லா வான்கோழியும் வலக்கையாகத்தான் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் வலக்கையால்தானே வரைவார்கள், அந்தக் கையை எப்படி வரைவது என்று டீச்சர் மெல்லக் கேட்டார். எதிரில் இருக்கிற பிள்ளை வரையும் என்றார் அம்மா. கேள்வி வரும் என்று காத்திருந்தவர் மாதிரி உடனே சொன்னார். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, வழக்கம் என்று வந்துவிட்டதால் மரியாதையாக விட்டுவிட்டார். அதற்குள் அம்மா எல்லாரையும் சோடி சோடியாக இருத்தியாயிற்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பைக்குள் இருப்பது இடக்கை வான்கோழி. கூசாமல் பொய் சொல்கிறார். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் வலக்கை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்தான். அது காகிதத்தில் வரைந்த கைக்கும் உண்டென்று அதற்கு முன்னும் பின்னும் நான் கேள்விப்பட்டதில்லை. எழுந்து நின்று சொல்லிவிடலாம் என்று பார்த்தால் வாயில் பூட்டு.

என் எதிரே கொளுத்தும் வெயிலிலும் மழைக்குப் போடும் ரப்பர் கம்பூட்ஸ் போட்டு வரும் ஒரு பிள்ளை. என்னை ஒன்றும் கேட்காமல் மணிக்கட்டைப் பிடித்துக் காகிதத்தில் அமத்தினாள். கிரேயான் விரலிடுக்கில் போய் வந்தபோது தாங்க முடியாமல் கூசியது. சிரித்துவிட்டேன். அவளும் சிரித்துக்கொண்டே அவசரமாக இழுத்ததில் என் சின்னிவிரலை விட்டுவிட்டு நேரே மணிக்கட்டுக்கு இறங்கினாள். என் வான்கோழிக்கு ஒரு இறகு குறைந்தது. அதை எப்படிப் பொறுப்பது?

“அங்க இல்லை, இங்க” என்று ஆங்கிலத்தில் அதட்டினேன்.

அவள் சரி என்று திரும்ப வரைந்தாள். பிறகு நான் அவளுடைய கையை வரைந்தேன். எந்த இறகுக்கு எந்த நிறம் என்று சண்டை பிடித்தோம். வீட்டுக்குப் போகும்வரை நான் வாய் மூடவில்லை. டீச்சர் பசைத் தூரிகையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா மட்டும் நிமிரவில்லை. குனிந்தபடியே ஒவ்வொரு வான்கோழிக்கும் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அப்பா வந்து சப்பாத்தைக் கழற்றமுன்னரே முறையிட்டேன். அம்மா பொய் சொன்னவ, பைக்குள் சாட்சி இருக்கிறது. அப்பா இரண்டு வான்கோழிகளையும் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

“இது இடக்கை, அது வலக்கை. உம்மட சட்டம் மற்றாக்களுக்கு மட்டுமோ?”

அம்மா அரிசி கழுவிக்கொண்டே சிரித்தார். “என்ரை வலக்கையைப் பேப்பரில கீறித் தர இஞ்ச எனக்கு ஆர் இருக்கினம்?”

அப்பா விசாரணையை விட்டுவிட்டு, அரிசிப் பானையை வாங்கி அடுப்பில் வைத்தார்.

எனக்கோ ரோசம் வந்துவிட்டது. இதே வேலையைக் காலையில் செய்து முடித்த ஒருத்தி வீட்டில் இருக்கும்போது இது என்ன கேள்வி? கதிரையை இழுத்துப் போட்டுக் காகிதமும் கிரேயானும் எடுத்தேன்.

“நான் இருக்கிறன். கையைத் தாங்கோ.”

அம்மா ஈரத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு வலக்கையை விரித்து வைத்தார். பெருவிரலிலிருந்து தொடங்கி, எதையும் விடாமல், கவனமாக வரைந்துகொண்டு வந்தேன். பாதியில் அம்மா இடக்கையால் கண்ணைத் துடைக்க, வலக்கையும் அசைந்தது.

“ஆடாதேங்கோ அம்மா” என்று அதட்டினேன். விரலிடுக்கில் கிரேயான் போனால் கூசும் என்பது எனக்கு அன்று காலையில்தான் தெரிந்திருந்தது. அம்மாவுக்கும் கூசுகிறதாக்கும் என்று, இன்னும் மெதுவாக வரைந்தேன்.