விரல் வைத்த பிறகு

போன வாரமும் வேலை நேரம் முடிந்த பிறகு மேலாளர் கேட்டார். நாமெல்லாம் ஒரே குடும்பம், இதில் போய் மணி பார்க்கலாமா என்று. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். திமிர் பிடித்தவள் என்று பின்னால் பேசியிருப்பார்கள். பேசட்டும். வேலையிடத்தில் குடும்பம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியின் கேட்டும், ஓர் ஆடிப்பூரத் தேர்நாளும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

அம்மா அங்கே துணி வெட்டும் பிரிவில் இருந்தாள். அந்த வருஷம் டெங்கு காய்ச்சலிலிருந்து நான் பிழைத்து எழுந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு வடம் பிடித்து இழுப்பதாக ஆண்டாளிடம் வேண்டியிருந்தாள். நான் பிழைத்துவிட்டேன். நைட் ஷிப்ட் காலை ஆறுக்கு முடியும், தேர் எட்டு மணிக்குக் கிளம்பும். அங்கிருந்தே பஸ் ஏறிவிடலாம் என்று அப்பா எனக்குப் புதுப்பாவாடை உடுத்தி கேட்டுக்குக் கூட்டிவந்தார்.

கேட்டுக்கு உள்பக்கம் கைரேகை மெஷின் இருந்தது. வேலைக்கு வரும்போதும் முடிந்து போகும்போதும் அதில் விரலை வைத்தால் ஒரு பெண்குரல் 'தேங்க் யூ' என்னும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். 'தேங்க் யூ' என்றால் நன்றி என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அதுமுதல் விரலை எடுக்கும்போதெல்லாம் அம்மா அந்த மெஷினுக்கு லேசாகத் தலையாட்டுவாள்.

அன்றும் சரியாக ஆறு மணிக்கு வந்து விரல் வைத்தாள், தலையாட்டினாள். கையைப் பிடிக்க ஓடினேன். அவளோ திரும்பி உள்ளே நடந்தாள். பின்னால் வந்த பெண்களும் அப்படியே. விரல் வைத்தார்கள், நன்றி வாங்கிக்கொண்டார்கள், திரும்பவும் துணி வெட்டும் மெஷின்களுக்கே போனார்கள்.

சூப்பர்வைசர் அப்பாவிடம் வந்தார். சரக்கு லாரி காத்து நிற்கிறதாம்.

"தங்கச்சிய செத்த நேரத்துல அனுப்பிருதேன் மாப்ள. நம்ம கம்பெனி, நாமதான பாக்கணும்?"

ஐந்து நிமிஷம் பிந்தி வந்தால் இதே தங்கச்சி அவருக்கு வெறும் 'ஏய்'. என் கையில் ஒரு பன்னைத் திணித்துவிட்டுப் போனார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்பா வேட்டியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. முந்தின மாசம் எதிர்த்துப் பேசிய ஒருத்தியை மறுநாள் கேட்டுக்குள்ளேயே விடவில்லை.

நான் வாட்ச்மேன் தாத்தாவிடம் நியாயம் கேட்டேன். அம்மாதான் வேலை முடிந்து வந்துவிட்டாளே, பிறகு எப்படி உள்ளே இருப்பாள்?

"ஒங்கம்மா எப்பமோ வீட்டுக்குப் போயாச்சு தாயி. மெஷின்ட்ட வேணா கேட்டுப் பாரு," என்றார். "உள்ள நிக்கது அவ ஆவி."

வெள்ளைத் துணி சுற்றிய ஆவிகள் வரிசையாக நின்று பேண்டேஜ் வெட்டுவதை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

வெயில் ஏறிய பிறகுதான் அம்மா வந்தாள். தலையெல்லாம் பஞ்சுத்தூசி. பஸ்ஸில் நின்றபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினால் எதிரே கூட்டம் கலைந்து வந்துகொண்டிருந்தது. தேர் நிலைக்கு வந்துவிட்டிருந்தது. வடம் தெருவில் கிடந்தது. அம்மா ஓடிப்போய் அதைத் தூக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வடத்தைச் சுருட்ட வந்தவர் சலித்துக்கொண்டார்.

"தேரு நின்னு எம்புட்டு நேரமாச்சு. விடும்மா."

"செத்த நேரம் அண்ணாச்சி," என்றாள் அம்மா. "செத்த நேரம் பிடிச்சுக்கிடுதேன்."

தேர் ஓடுவதைப் பார்க்க முடியாத கோபத்தில் நான் அவளோடு பேசாமல் வந்தேன். கோபம் முழுக்க அவள்மேல்தான். பன் கொடுத்தவர்மேல் துளியும் இல்லை. வளர்ந்த பிறகுதான் புரிந்தது: அந்த ஆவி வேலை பார்த்த நேரத்தில் வெட்டும் கத்தி அவள் விரலை எடுத்திருந்தால், அப்போது அவள் அங்கே இல்லவே இல்லை என்று அந்தக் கைரேகை மெஷின் சாட்சி சொல்லியிருக்கும். அந்தச் சாட்சியத்தை ஒவ்வொரு நாளும் அவள் விரலிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை நன்றி என்று சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, அவள் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.